கல்லறைக் கற்களும் நம் பாட்டிமாரின் பெயர்களும்

நூற்றாண்டு மலர் என்பது ஒருவகையில் பெயர்களின் புத்தகம். அதிபர்கள், சங்கத் தலைவியர், மாணவத் தலைவியர், வலைப்பந்தாட்டக் குழுவினர், பல்கலைக்கழகம் சென்றோர் என்று ஆண்டுவாரியாகப் பெயர்களை அடுக்கி வைத்திருக்கிறோம். மலர் கைக்கு வந்ததும் அவரவர் பெயரையும், நமக்கு முன்னே படித்த அக்காமாரின் பெயரையும் தேடிப் பார்ப்போம். கிடைத்தால் மகிழ்வோம். எழுத்துப் பிழையோடு கிடைத்தாலும் மகிழ்வோம். அச்சில் பெயர் இருப்பதற்கு அவ்வளவு மதிப்பு.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்வோம். அம்மாயியின் பெயரும் அப்பாயியின் பெயரும் நமக்குத் தெரியும். அம்மாயியின் அம்மா பெயர் என்ன? அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார்? எந்த மலையில் கொழுந்து எடுத்தார்? எங்கே அடக்கம் செய்யப்பட்டார்? கொழும்பிலும் கோத்தகிரியிலும் சென்னையிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் நம் சகோதரிகளில் பலர் இந்தக் கேள்வியில் நின்றுவிடுவோம். நம் பாடசாலையில் படித்தவர்களில் பெரும்பகுதியினர் நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். நம் குடும்பங்களின் கதை நான்காவது தலைமுறையிலேயே மூடுபனிக்குள் போய்விடுகிறது.

குடும்ப வரலாறு தேடும் மேலைநாட்டார் முதலில் போகும் இடங்களுள் ஒன்று பழைய தேவாலய மயானம். நம் மலைநாட்டிலும் அப்படிப்பட்ட மயானங்கள் உண்டு. அவற்றிலுள்ள கற்கள் யாருக்கு என்ன சொல்கின்றன, நமக்கு என்ன சொல்லாமல் விடுகின்றன, சொல்லாததை நாம் வேறு எங்கே தேடலாம் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

மலைநாட்டுக் கற்கள்

நானுஓயாவிலிருந்து சில மைல் மேலே ஏறினால் நுவரெலியா. அங்குள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் வளவில் தோட்டத்துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் அவர்களுடைய மனைவி பிள்ளைகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கோல்ப் மைதானத்தின் பக்கமாக உள்ள இன்னும் பழைய மயானத்தில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் கல்லறை இருக்கிறது. பதுளையில் அதிகாரியாக இருந்த இவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறையிலும் மின்னல் விழுந்தது என்பது நுவரெலியாவில் வழங்கும் கதை. பதுளை புனித மாற்கு ஆலயம் அவருடைய நினைவாக எழுப்பப்பட்டது.

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வோர்லி தேவாலயம் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரன் இருக்கிறார். புகைப்படக் கலையின் வரலாற்றில் உலகம் அறிந்த பெயர் அது. 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயா பகுதியில் காலமானார். மறு ஆண்டு இறந்த கணவர் சார்ள்ஸ் ஹே கேமரனும் அங்கேதான் இருக்கிறார். கோல்புறூக் கேமரன் ஆணைக்குழு என்று நாம் வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கேமரன் இவர்தான்.

கண்டியில் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் பழைய இராணுவ மயானம் ஒன்று உண்டு. அங்கு சுமார் 195 கல்லறைகள் இருக்கின்றன. கண்டி இராச்சியத்தின் கடைசி நாட்களில் முக்கிய பங்கு வகித்த ஜோன் டொயிலி 1824இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். 1856இல் காட்டு யானையால் கொல்லப்பட்ட ஒருவருடைய கல்லும் இருக்கிறது. அங்குள்ளவர்களில் முதுமை வரை வாழ்ந்தவர்கள் குறைவு. மலேரியா, வயிற்றோட்டம், பிரசவம் என்று இளம் வயதிலேயே போனவர்கள் பலர். குழந்தைகளுக்கும் கற்கள் உண்டு.

இந்தக் கற்களை வைத்துக் குடும்பம் தேடும் முறை மிக எளிமையானது. கல்லில் பெயர், இறந்த திகதி, வயது இருக்கும். திகதியிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு கிடைக்கும். சில கற்களில் சொந்த ஊரும், இன்னாருடைய மகன், இன்னாருடைய மனைவி என்ற விபரமும் இருக்கும். அந்த ஊரின் கோயில் ஞானஸ்நான இடாப்பை அந்த ஆண்டுக்குப் புரட்டினால் தாய் தகப்பன் பெயர் கிடைக்கும். அவர்களுடைய திருமணப் பதிவைத் தேடினால் அடுத்த தலைமுறை. ஒரு கல், ஓர் இடாப்பு, மறுபடி ஒரு கல் என்று ஏணிப்படி போல ஏறலாம். அபர்டீனிலோ மெல்பேர்னிலோ இருக்கும் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவை இப்படி நுவரெலியாவில் கண்டுபிடிப்பது ஆகாத காரியமல்ல.

அவர்களுக்கு இது எளிதாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கற்களில் இருப்பதை முன்பே ஆட்கள் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். லியோபோல்ட் லுடோவிசி என்பவர் ஒல்லாந்தர் காலத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1877இல் நூலாக வெளியிட்டார். சிவில் சேவை அதிகாரியான ஜே. பென்றி லூயிஸ் இலங்கையிலுள்ள கல்லறை வாசகங்களை ஊர் ஊராகத் திரட்டி 1913இல் கொழும்பில் ஒரு பெரிய பட்டியலாக அச்சிட்டார். கல் இல்லாமல் இறந்துபோனவர்களைப் பற்றிய குறிப்புகளையும் அதில் சேர்த்தார். 1908இல் தோன்றிய இலங்கை ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை வெளியிட்டது. ஒரு சிறிய சமூகம் சங்கமாகக் கூடி, தன் முன்னோரின் பெயர்களைத் தானே எழுதிப் பாதுகாத்த கதை அது. நூறு வயதான ஒரு சங்கத்தின் உறுப்பினர்களாகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

சுமந்து சென்றவர்கள்

இனி அதே கற்களின் மறுபக்கத்தைப் பார்ப்போம். இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று அழைக்கப்படும் ஜேம்ஸ் டெய்லர் 1892 மே 2ஆம் திகதி லூல்கந்துர தோட்டத்தில் இறந்தார். வயது 57. உடல் கண்டி மஹையாவ மயானத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இருபத்து நான்கு பேர் மாறி மாறி மலைப்பாதையில் பெட்டியைச் சுமந்தார்கள் என்றும், கங்காணிமாரும் தொழிலாளரும் ‘சாமி துரை’ என்று அழுதபடி பின்னால் நடந்தார்கள் என்றும் தேயிலை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. டெய்லரின் கல்லில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் இறந்த நாளும் தெளிவாக உள்ளன. சுமந்த இருபத்து நான்கு பேரில் ஒருவருடைய பெயரும் அங்கு இல்லை.

கேமரன் அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். உலகப் பெரும் அருங்காட்சியகங்களில் அந்த முகங்கள் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அவர்களில் பெரும்பாலானோரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. அவர்களில் யாராவது நம் குடும்பத்தைச் சேர்ந்தவரா என்று தேட நமக்கு வழியில்லை.

தமிழருக்குக் கல்லில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை என்று ஆய்வாளர் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்காக நட்டது. அதில் ஊர்ப் பெயரும் இருக்கிறது, ஆளின் பெயரும் இருக்கிறது. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் என்று அந்தப் பக்கங்களிலிருந்துதான் நம் முன்னோர் இங்கே வந்தார்கள். கல் நடும் வழக்கத்தை அறிந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் இங்கே கல் இல்லாமல் மண்ணுக்குள் போனார்கள். கல்லுக்குக் காசில்லை. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். இன்று இந்தத் தோட்டம், நாளை வேறு தோட்டம் என்ற பிழைப்பு. தேயிலை மலையோரத்தில் குழி வெட்டி, தலைமாட்டில் ஒரு கருங்கல்லை வைத்து, ஒரு குரோட்டன் செடியை நட்டுவிட்டு மறுநாள் பிரட்டுக்குப் போனவர்கள் அவர்கள்.

தோட்டம் வந்து சேருமுன்னே வழியில் இறந்தவர்களுக்கு அந்தக் கருங்கல்லும் இல்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் கொன்றவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கணக்கு இல்லை. 2023இல், மலையகத் தமிழரின் இருநூறாவது ஆண்டையொட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளையை அடைந்த நடைபயணம் அந்தப் பாதையில்தான் சென்றது. பெயர் தெரியாதவர்களுக்கு நடந்தே செய்த அஞ்சலி அது.

நானுஓயாவுக்கு 1885இல் புகையிரதம் வந்தது. 1893இல் அப்புத்தளை வரை பாதை நீளும்வரை இதுதான் கடைசி நிலையம். ஊவாப் பக்கத் தோட்டங்களுக்குப் போக வேண்டியவர்களும் இங்கே இறங்கித்தான் நடந்தார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903இல் ஒரு சிறிய கோச்சிப் பாதை திறந்தது. பிறகு அது கந்தப்பளை வழியாக இராகலை வரை போனது. 1940களில் அது மூடப்பட்டு, தண்டவாளமும் கழற்றப்பட்டுவிட்டது. இரும்புப் பாதையே இவ்வளவு விரைவில் மறைந்துபோகும் இடத்தில், லயத்து வாழ்க்கையின் தடயம் எத்தனை காலம் நிற்கும்?

இந்த ஊரின் தோட்டப் பெயர்களைப் பாருங்கள். எடின்பரோ, கிளாசோ, லேங்டேல் எல்லாம் ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் உள்ள இடங்களின் பெயர்கள். துரைமார் தம் ஊரின் பெயரை மண்ணுக்கும், தம் பெயரைக் கல்லுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நம்மவர் கழுத்தில் தொங்கியது தகர டிக்கட். 1900களின் தொடக்கத்தில் வந்த அந்தச் சிறிய தகரத் தட்டில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் குத்தப்பட்டிருக்கும். ஆளின் பெயர் இருக்காது.

தாத்தாவைக் கேட்ட சட்டம்

பெயர் எழுதப்படாமல் போனதன் விலை 1948இல் தெரிந்தது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவர் பரம்பரை வழியில் பிரசையாக வேண்டுமானால் அவருடைய தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். ஆனால் இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமானது 1897இல்தான். அதற்கு முன் கோப்பிக் காட்டு லயத்தில் பிறந்த தகப்பனுக்கும் பாட்டனுக்கும் எங்கே போய்க் கடதாசி எடுப்பது? தேவாலய மயானத்தில் கல் வைத்திருந்த குடும்பத்துக்கு ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம், ஏழு எட்டு இலட்சம் பேருக்கு முடியாமல் போனது.

மறு ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்பு, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. செக்ரோல் பதிவையும் பழைய சீட்டுகளையும் தேடி நம் தாத்தாமார் கச்சேரிக்கும் தோட்டக் கந்தோருக்கும் நடந்த நடை நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது.

பிறகு 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மலையக நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிகளை நம்மவர் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தார்கள். நம் வகுப்புத் தோழியரின் குடும்பங்கள் எத்தனையோ அந்தக் கோச்சியில் போயின. போனவர்கள் பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டார்கள். குழிமேட்டை எடுத்துப்போக முடியவில்லை. நீலகிரியில் வாழும் நம் சகோதரிகளின் பாட்டிமார் இன்றும் நானுஓயா மலைகளில்தான் கிடக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தின் அடையாளம் நம்மில் பலருடைய பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். பூட்டனாருக்கும் ஒரு கூடு உண்டு. பாட்டிக்குக் கூடு இல்லை. பெண்வழியை அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. தாய்வழியாகவும் பிள்ளைக்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைக்கும் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது. வெள்ளைக்காரப் பெண்களின் கல்லிலும் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்பதே முன்னால் நிற்கும். ஆனாலும் அவர்களுக்குப் பெயராவது மிஞ்சியது. நம் பாட்டிமாருக்குக் கல்லிலும் இடமில்லை, கூட்டிலும் இடமில்லை.

நமக்கான தடயங்கள்

அப்படியானால் தேடவே முடியாதா? முடியும். கல்லிலிருந்து இடாப்புக்கு ஏறும் அதே ஏணிதான். நமக்கு முதற்படி கல்லாக இருக்காது, அவ்வளவே.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலய இடாப்புகள் உண்டு. தோட்டத் தமிழரிடையே 1854இல் தொடங்கிய மிஷனுக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். ஞானஸ்நான இடாப்பில் பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், வசிக்கும் தோட்டம், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர் என்பன இருக்கும். தாயின் பெயர் அதில் உண்டு என்பதைக் கவனியுங்கள். பிற்காலத்துக் கற்களில் தமிழ் எழுத்தும் வரத் தொடங்கியது. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற வரிக்குக் கீழே ஊரும் ஆண்டும் இருந்தால் அது பெரிய தடயம்.

இந்துக் குடும்பங்களுக்குத் தோட்டத்துக் கோயில் உண்டு. மணியிலும் குத்துவிளக்கிலும் வாசற்படியிலும் ‘உபயம்’ என்று பெயரும் ஆண்டும் வெட்டியிருப்பார்கள். நம் மக்கள் கல்லறையில் செலவழிக்காததைக் கோயிலில் செலவழித்தார்கள். கும்பிடப் போகும்போது அந்த எழுத்துகளையும் வாசித்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது பிறப்பு இறப்புப் பதிவு. தோட்டத்தில் ஒரு பிறப்போ இறப்போ நடந்தால் தோட்டத்துரை பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே 1897க்குப் பின் நடந்தவை மாவட்டப் பதிவாளரிடம் இருக்க வாய்ப்பு அதிகம். இறப்புப் பதிவில் வயதும் காரணமும் இருக்கும். வைத்தியத் தொழிலுக்கு வந்த நமக்கு அந்தக் காரணக் கூடு ஒரு தனி வரலாறு. வயிற்றோட்டம், இரத்தசோகை, பலவீனம் என்ற சொற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் கொக்கிப்புழு ஒளிந்திருந்தது. ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியதற்குக் காரணம் அதன் பரவல்தான். வெறுங்காலோடு மலையேறிய ஒரு தலைமுறை, பிரசவத்துக்கு முன்பே இரத்தம் குறைந்து போயிருந்தது. இன்று நாம் நோயாளியிடம் குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய், நீரிழிவு, மார்புப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்கிறோம். பாட்டி எதனால் இறந்தார் என்பது தெரியாத வீட்டில் அந்தக் கேள்விக்கு அரைப் பதில்தான் கிடைக்கும். முன்னோரின் பெயரும் வயதும் காரணமும் தெரிந்திருப்பது பேத்தியின் உடலுக்கும் பயன்படும் செய்தி.

தேடும்போது எழுத்துக்கூட்டலில் ஏமாந்துவிடக் கூடாது. கந்தோரில் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். லட்சுமி என்ற ஒருத்தியே ஓர் ஏட்டில் லெட்சுமி, இன்னொன்றில் லெச்சுமி, மூன்றாவதில் லெச்சிமியாக இருப்பாள். தோட்டப் பெயரும் அப்படித்தான். பாட்டி சொன்ன தமிழ்ப் பெயர் வரைபடத்தில் இருக்காது. பழைய ஃபேர்குசன் டிரெக்டரியில் தோட்டங்களின் ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் வீட்டில் வழங்கிய பெயருக்கும் அரசாங்க ஏட்டிலுள்ள பெயருக்கும் முடிச்சுப் போடலாம்.

பெயர்களே ஒரு தடயம். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கும் பாட்டியின் பெயரைப் பேத்திக்கும் வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில் வந்தது. குடும்பத்தில் ஒரு பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பி வந்தால், அது ஒரு மூத்தவரைச் சுட்டும். சாவு வீட்டு ஒப்பாரியில் பெண்கள் ஊரையும் உறவையும் சொல்லி அழுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் வம்சாவளியைக் காத்த முறை அது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு அதில் ஊர்ப் பெயர் கிடைக்கும்.

கடைசியாக, நம் பாடசாலைச் சேர்வு இடாப்பு. நம் குடும்பங்களில் எத்தனையோ பெண்களின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் அல்லது பாதுகாவலர் பெயர், வந்த தோட்டம் ஆகியவை ஒருசேர முதன்முதலில் எழுதப்பட்டது அங்கேதான். செக்ரோலில் அவள் ஒரு பேர்க் கணக்கு. சேர்வு இடாப்பில் அவள் ஒரு மாணவி. துரைமார் குடும்பத்துக்குத் திரித்துவ ஆலய வளவு எப்படியோ, அப்படி நமக்கு அந்த இடாப்பு. ஈரமும் கறையானும் அதற்கும் எதிரிகள்.

இப்போதே செய்ய வேண்டியவை

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய பேரேடுகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன என்று யாராலும் உறுதி கூற முடியாது. 1948ஐ நேரில் கண்ட தலைமுறையில் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். 1964க்குப் பின் கோச்சியேறியவர்களும் முதுமையடைந்துவிட்டார்கள். காத்திருக்க நேரமில்லை. சங்கம் ஒன்றாக இறங்கினால் நான்கு வேலைகளைச் செய்து முடிக்கலாம்.

முதலாவது, சேர்வு இடாப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து மூன்று இடங்களில் பாதுகாப்பது. உயிரோடிருப்பவர்களின் விபரத்தை அவர்களின் அனுமதியின்றி வெளியிடக் கூடாது. படமெடுத்து வைப்பதற்கு அது தடையல்ல.

இரண்டாவது, நாட்டில் இருக்கும் தங்கைமார் ஆளுக்கொரு மயானத்தையும் ஆளுக்கொரு கோயிலையும் எடுத்துக்கொள்வது. தேவாலய வளவுக்குப் போகுமுன் குருவானவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். பாசியைக் கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ தேய்க்காதீர்கள். எழுத்தும் சேர்ந்து போய்விடும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். துரைமாரின் கற்களையும் படமெடுங்கள். எங்கோ ஒரு பேத்தி அதையும் தேடிக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது, வீட்டுப் பெரியவர்களைப் பேசவிட்டுத் தொலைபேசியில் பதிவு செய்வது. ‘எங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘அப்பாயி, நீங்க பிறந்த லயத்துல பக்கத்துக் காம்பராவில யார் இருந்தாங்க?’ என்று கேளுங்கள். பெரிய கங்காணி யார், பிள்ளைக்காம்பரா ஆயா யார், பிரசவம் பார்த்த மருத்துவிச்சி யார், எந்த ஊரிலிருந்து கடிதம் வரும் என்று கேளுங்கள். பெயர்கள் தாமாக வரும். இந்தியாவிலுள்ள சகோதரிகளிடம் நாம் அறியாத பாதி இருக்கிறது. அவர்களிடம் நாமாகவே கேட்க வேண்டும்.

நான்காவது, தாய்வழியை எழுதுவது. தகப்பன்வழியைச் சட்டமே கேட்டு எழுதவைத்தது. அம்மா, அம்மாயி, அம்மாயியின் அம்மா என்ற வரிசையை நாம்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே தோட்டம், தெரிந்தால் ஆண்டு, அடக்கம் செய்த இடம், இறந்த காரணம். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமையாக ஒரு கூடு இருந்தால்தான் வீட்டில் யாராவது ஒருவர் அதை நிரப்புவார்.

நூறு ஆண்டுகளில் நம் பாடசாலை வழியாக வந்த ஒவ்வொருவரும் நான்கு பெயரை எழுதினாலே ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர்கள் சேரும். 1913இல் பென்றி லூயிஸ் ஒருவராக நின்று செய்ததை நாம் இத்தனை பேர் சேர்ந்து செய்ய முடியாதா? அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வரும்போதோ, வர முடியாதவர்கள் கடிதத்திலோ, அந்த நான்கு பெயர்களைக் கொண்டுவந்து சேருங்கள். மறந்துவிடுவோம் என்று தோன்றினால் இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே இப்போது பென்சிலால் எழுதத் தொடங்குங்கள். அம்மாவின் பெயரிலிருந்து தொடங்கலாம்.